மரைக்கு முறை வகுத்த மேதை ஜோசப் விட்வொர்த்



நாம் வாழும் இந்த இங்கிலாந்து நாட்டின் அறிவியல் வரலாற்றைப் பேசப் புகுந்தால் நியூட்டனையும் டார்வினையும் பரடேயையும் சொல்லிப் பெருமிதம் கொள்கின்றோம். நும் பாடநூல்களிலும் அவர்தம் பெயர்களே முன்னிற்கின்றன. ஆனால் அரத்தையும் உளியையும் கையிற் பிடித்துப் பட்டறையில் நின்று உழைத்து உலகின் தொழில் முறையையே மாற்றிய ஒருவரின் பெயரை நம்மிற் பலர் மான்செஸ்டர் நகரத்துக் கலைக்கூடம் ஒன்றின் பெயராக மட்டுமே கேள்வியுற்றிருப்போம். அவரே ஜோசப் விட்வொர்த். ஓவியங்கள் நிறைந்த அக்கலைக்கூடத்துக்குப் பெயர் தந்தவர் ஓவியரும் அல்லர், புலவரும் அல்லர். கருவி செய்தவர். கருவிகள் பொய் சொல்வதைப் பொறுக்கமாட்டாத கருவி செய்தவர்.

கருவி பொய் சொல்லுமா என்று நீங்கள் வியக்கலாம். நும் தந்தையாரைக் கேட்டுப் பாருங்கள். கடையில் மலிவாக வாங்கிய ஸ்பேனரை நட்டின்மேல் வைத்துத் திருப்பினால், நட்டு அசையாமல் ஸ்பேனரின் வாய் அகன்றுபோகின்றது. மூலை மட்டம் என்று சொல்லி விற்கப்பட்ட ஒன்றை வைத்துக் கோடு கிழித்து, அதனையே புரட்டி வைத்து மறுபடி கிழித்தால் இரண்டு கோடுகளும் இரண்டு வழியே செல்கின்றன. பெட்டியில் வந்த மேசையைப் பூட்டி முடித்தபின் அதன் நாலு கால்களில் ஒன்று தரையைத் தொட மறுக்கின்றது. குற்றம் தம் கையிலா கருவியிலா என்று அறியாமல் திகைப்பதே பட்டறை வேலையில் மிகப் பெரிய துன்பம் ஆகும். இன்று அத்துன்பம் மலிவுப் பொருள் வாங்கியவருக்கு மட்டுமே உரியது. இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரோ, உலகின் தொழிற்சாலை என்று போற்றப்பெற்ற இங்கிலாந்து முழுவதற்கும் அது பொதுவாக இருந்தது. நீராவிப் பொறிகள் ஓடின, நூற்பாலைகள் இரைந்தன, ஆயினும் அவற்றைச் செய்த கருவிகளில் நேரான விளிம்பு நேராக இல்லை, தட்டையான தளம் தட்டையாக இல்லை.

விட்வொர்த் 1803ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் மான்செஸ்டருக்கு அண்மையிலுள்ள ஸ்டாக்போர்ட் நகரில் பிறந்தார். தந்தையார் சார்ல்ஸ் விட்வொர்த் ஓர் ஆசிரியர். பின்னர் சமய ஊழியரும் ஆனார். தாயாரை ஜோசப் இளமையிலேயே இழந்தார். லீட்ஸ் நகருக்கு அருகில் உள்ள ஐடில் என்னும் ஊர்ப் பள்ளியில் சில காலம் படித்தபின், 14 வயதளவில் டார்பிஷயரில் பஞ்சாலை நடத்திவந்த மாமனாரிடம் தொழில் பயில அனுப்பப்பட்டார். அந்நாளில் பஞ்சாலை என்றால் பணம். நன்கு தேறினால் பங்காளி ஆகலாம். ஆலையின் முதலாளியும் ஆகலாம். குடும்பத்தார் அவருக்கு வகுத்திருந்த வழி அதுவே.

பையனின் மனமோ கணக்கேட்டில் ஒட்டவில்லை, பொறிகளில் ஒட்டிக்கொண்டது. நாலாண்டுக் காலத்துள் ஆலையிலிருந்த பொறி ஒவ்வொன்றையும் கழற்றிப் பூட்டும் அளவுக்குப் பழகிவிட்டார். பழகப் பழக அவருக்கு மதிப்புக் கூடவில்லை, எரிச்சலே கூடிற்று. ஒரே வகையான இரு பொறிகளில் ஒன்றின் உறுப்பு மற்றொன்றிற் பொருந்தாது. ஒன்று பழுதுற்றால் அதற்கென்றே புதிய உறுப்பை அடித்து, அராவி, மறுபடி அராவிப் பொருத்த வேண்டும். இதனை யாரும் குறையாகவே கருதவில்லை என்பதுதான் அவரை வாட்டியது. பின்னாளில் பங்காளியாகும் வாய்ப்பை உதறிவிட்டு, மான்செஸ்டர் பட்டறைகளிற் கூலிக்கு வேலை செய்யும் கம்மியராகச் சேர்ந்தார். ஒரு தொழிலாளியாக முதற்கூலி பெற்ற நாளே தம் வாழ்வின் இன்பமான நாள் என்று முதுமையிலும் அவர் நினைவு கூர்ந்ததாகச் சொல்வர். பிள்ளைகள் மருத்துவராகவோ கணக்காளராகவோ வரவேண்டும் என்று ஏங்கும் பெற்றோராகிய நாம் அம்மாமனாரின் மனநிலையை எளிதில் விளங்கிக்கொள்ளலாம்!

1825இல் பிரான்சிஸ் ஆங்கர்ஸ் என்னும் பெண்ணை மணந்துகொண்டு, அதே ஆண்டில் இலண்டன் சென்றார். அங்கே தேம்ஸ் ஆற்றின் தென்கரையில் லாம்பெத் பகுதியில் ஹென்றி மாட்ஸ்லியின் பட்டறை இருந்தது. மாட்ஸ்லி அக்காலத் தொழிலாளர்களுக்கு ஒரு குருகுலம் நடத்தினார் என்றே சொல்லலாம். திருகாணியைத் திட்பமாகக் கடையும் கடைசற் பொறியை வகுத்தவர் அவர். அவரது பட்டறையிற் பயின்றவர்கள் பலர் பின்னர்ப் பெயர் பெற்றனர். நீராவிச் சம்மட்டியைப் படைத்த ஜேம்ஸ் நாஸ்மித்தும் அவர்களுள் ஒருவர். தொழிலாளி தம் வேலை தட்டையாக உள்ளதா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்கெனத் தட்டையான இரும்புத் தகடுகளை மாட்ஸ்லி மேசைகளில் வைத்திருந்தார். வேறெங்கும் காண இயலாத ஒழுங்கு அது. ஆயினும் ஸ்டாக்போர்ட் இளைஞருக்கு அதுவும் போதவில்லை. தகட்டை வைத்து வேலையைச் சோதிக்கலாம். தகட்டை எதை வைத்துச் சோதிப்பது?

மாணவர்களே, இவ்விடத்திற் சற்று நின்று சிந்தியுங்கள். இங்கேதான் விட்வொர்த்தின் மேதைமை விளங்குகின்றது.

ஒரு தளம் தட்டையா என்று அறிய நேர்விளிம்பு ஒன்றை அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். அவ்விளிம்பு நேரா என்று அறிய ஒரு தட்டையான தளம் வேண்டும். எலி வளையைத் தேட, வளை எலியைத் தேடிய கதையாகின்றது. இரண்டு தகடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்து உராய்த்துப் பொருந்தச் செய்தால் என்ன? அதுவே அன்றைய வழக்கம். எமரித் தூளை இடையே தூவி இரண்டையும் தேய்ப்பார்கள். எமரியின் கடினத்துக்குக் காரணமான கனிமத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் நம் குருந்தம் என்னும் தமிழ்ச் சொல்லிலிருந்தே பிறந்தது என்பதனை இங்கே சொல்லி வைக்கின்றோம். ஆனால் அத்தூள் தளமெங்கும் சமமாகப் பரவி நிற்பதில்லை. ஓரிடத்திற் குவியும், வேறிடத்தில் இராது. மேடான இடத்தை மட்டும் தேய்க்காமல் பள்ளத்தையும் சேர்த்தே அரிக்கும். இதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு. ஒரு தகடு நடுவிற் சற்றே புடைத்தும் மற்றது அதே அளவு குழிந்தும் இருந்தாலும் இரண்டும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்திவிடும். உள்ளங்கையைக் குவித்து மறுகையின் முட்டியை அதில் வைத்துப் பாருங்கள். பொருத்தம் உண்டு, தட்டை இல்லை. இரண்டு பொய்யர் ஒருவர்க்கொருவர் சாட்சி சொன்னாற்போல!

விட்வொர்த் இரண்டு காரியங்கள் செய்தார். முதலாவது, தேய்ப்பதைக் கைவிட்டுச் சுரண்டலை மேற்கொண்டார். ஒரு தகட்டின்மேல் செங்காவிச் சாயத்தை எண்ணெயிற் குழைத்து மிக மெல்லிதாகப் பூசி, மற்றதன்மேல் வைத்து எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் சாயம் ஒட்டும். ஒட்டிய அப்புள்ளிகளை மட்டும் கூரிய சுரண்டுளியாற் சிறிது சிறிதாகச் செதுக்கி எடுத்தார். மறுபடி பூசி, மறுபடி வைத்து, மறுபடி செதுக்கினார். இரண்டாவது, இரண்டு தகடுகளுக்குப் பதிலாக மூன்று தகடுகளை எடுத்துக்கொண்டார். முதலாவதும் இரண்டாவதும் பொருந்த வேண்டும். இரண்டாவதும் மூன்றாவதும் பொருந்த வேண்டும். மூன்றாவதும் முதலாவதும் பொருந்த வேண்டும். ஒன்று புடைத்திருந்தால் அதனோடு பொருந்தும் மற்ற இரண்டும் குழிந்திருக்கும். குழிந்த இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தவுடன் விளிம்புகள் மட்டும் தொட்டு, நடுவே இடைவெளி காட்டிக்கொடுத்துவிடும். மூன்றும் எப்படி மாற்றி வைத்தாலும் பொருந்துமாயின் மூன்றும் தட்டையே. வேறு வழியில்லை. அளவுகோல் எதுவும் இன்றி, எவரிடமும் கடன் வாங்காமல், தகடுகளையே ஒன்றுக்கொன்று நீதிபதியாக்கி உண்மையைப் பெற்றுவிட்டார்.

மூன்று தகட்டு முறையின் வித்து மாட்ஸ்லியிடமே இருந்தது என்று கூறுவோரும் உளர். ஆசானிடமிருந்து எவ்வளவு, மாணவரிடமிருந்து எவ்வளவு என்று பிரித்து அளப்பது எளிதன்று. ஆனால் எமரியை விலக்கிச் சுரண்டுளியைக் கொண்டு அதனை யாவரும் பின்பற்றத்தக்க முறையாக நிறைவேற்றி, 1840ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரிற் கூடிய பிரித்தானிய அறிவியற் சங்கத்தில் விளக்கி உரைத்தவர் விட்வொர்த்தே. அவர் இதனை முயலத் தொடங்கியபோது பக்கத்து மேசையில் வேலை செய்த ஹாம்ப்சன் என்னும் யார்க்ஷயர்க்காரர் நகைத்தாராம். மாட்ஸ்லியின் பட்டறையில் தலைசிறந்த கைவினைஞர் அவர். இரவும் பகலும் ஓய்வு நேரத்தில் உழைத்து முடித்த தகடுகளைக் கண்டபின் அவரே முதலில் தலை வணங்கினார். தொழில் அறிந்தவரின் ஒப்புதல் அரசர் தரும் பட்டத்தினும் பெரிதன்றோ!

மாட்ஸ்லியை விட்டு நீங்கியபின் வேறு சில இலண்டன் பட்டறைகளிலும் பணியாற்றினார். அவற்றுள் ஜோசப் கிளெமென்ட் என்பவரின் பட்டறை குறிப்பிடத்தக்கது. சார்ல்ஸ் பாபேஜ் கனவு கண்ட கணக்கிடும் பொறியின் பித்தளைச் சக்கரங்கள் அங்கேதான் செய்யப்பட்டன. இன்றைய கணினியின் பாட்டனார் எனத் தகும் அப்பொறி முற்றுப்பெறாமல் 1833இல் வேலை நின்றுபோயிற்று. பணத் தகராறு ஒருபுறமிருக்க, ஆயிரக்கணக்கான உறுப்புகளை ஒரே அளவாகச் செய்யும் கருவிகள் அன்று அருமையாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கருவியையே முதலிற் படைக்க வேண்டியிருந்தது. அறிவு முன்னே ஓடினாலும் அரம் உடன் ஓடவில்லை.

அதே 1833இல் விட்வொர்த் மான்செஸ்டருக்குத் திரும்பினார். சோர்ல்ட்டன் தெருவில் நீராவி விசையோடு கூடிய ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, இலண்டனிலிருந்து வந்த கருவி செய்பவர் எனத் தம் பெயர்ப்பலகையை மாட்டினார். பஞ்சாலை நகரத்துக்கு வேண்டியது பஞ்சாலைப் பொறி அன்று, பொறி செய்யும் பொறியே என்று அவர் கண்டுகொண்டார். கடைசற் பொறி, துளையிடும் பொறி, இழைப்புப் பொறி எனக் கனமும் உறுதியும் வாய்ந்தவற்றைச் செய்து விற்றார். அவர் காலத்துக்கு முன் வார்ப்பிரும்பின் முகத்தை உளியாற் கொத்தி, அரத்தால் அராவித் தட்டையாக்கினர். ஒரு சதுர அடிக்கு 12 சிலிங் கூலி. இழைப்புப் பொறி வந்தபின் அதே வேலை ஒரு பென்னிக்கும் குறைவாக முடிந்தது என்று 1856இல் அவரே கணக்குக் காட்டினார். 12 சிலிங் என்பது 144 பென்னி என்பதனை இக்காலப் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டியுள்ளது. கொத்தியும் அராவியும் பிழைத்தவர்களின் நிலை என்னவாயிற்று என்று நாம் கேட்பதும் முறையே. அன்று அவர்களிற் பலர் புதிய பொறிகளை அஞ்சினர், வெறுத்தனர். விட்வொர்த் அவர்களுள் ஒருவராயிருந்து வந்தவரேயாயினும் அவ்வச்சத்துக்கு அதிகம் செவி சாய்த்ததாகத் தெரியவில்லை. இடையிலே, அழுக்கு மிகுந்த மான்செஸ்டர் வீதிகளைப் பெருக்குவதற்குக் குதிரை இழுக்கும் பொறி ஒன்றையும் செய்து கொடுத்தார் என்பது பலர் அறியாத செய்தி.

இனி அவர் பெயரை நிலைநாட்டிய மரைக்கு வருவோம். திருகாணியின் உடலிற் சுற்றிச் சுற்றி ஏறும் புரியையே மரை என்கின்றோம். புத்தி பிசகியவனை மரை கழன்றவன் என்று நாம் பகடியாகச் சொல்வதும் இதனைக் கொண்டே. அந்நாளில் மரைக்கு முறை கிடையாது. அரை அங்குலத் தடிப்புள்ள ஆணிக்கு ஒரு பட்டறை அங்குலத்துக்குப் பத்துப் புரி வெட்டும். அடுத்த தெருப் பட்டறை பதின்மூன்று வெட்டும். புரியின் சரிவும் ஆழமும் அவரவர் விருப்பம். ஆணியும் நட்டும் கணவனும் மனைவியும்போல. தன் இணையன்றி வேறொன்றை ஏற்காது. பொறியைக் கழற்றும்போது எந்த நட்டு எந்த ஆணிக்கு உரியது என்று அடையாளம் குறித்து வைக்கவேண்டும். ஒன்று தொலைந்தால், பொறியைச் செய்த ஊருக்கே ஆள் அனுப்பவேண்டும், அல்லது புதிதாக இரண்டையும் வெட்டவேண்டும். இங்கிலாந்தெங்கும் இரயில் பாதைகள் விரைந்து நீண்ட காலம் அது. மான்செஸ்டரிற் செய்த இயந்திரம் இலண்டனிற் பழுதுற்றால் என் செய்வது?

விட்வொர்த் தம் விருப்பப்படி ஒரு மரையை வரைந்து இதுவே சிறந்தது என்று வாதிடவில்லை. நாட்டின் பெரிய பட்டறைகள் பலவற்றிலிருந்து திருகாணிகளைச் சேர்த்தார். எல்லாவற்றையும் அளந்தார். சராசரி எடுத்தார். மரையின் இரு சரிவுகளுக்கும் இடைப்பட்ட கோணம் 55 பாகை என வந்தது. அதனையே எல்லா அளவுகளுக்கும் விதித்தார். கால் அங்குல ஆணிக்கு அங்குலத்துக்கு 20 புரி. அரை அங்குலத்துக்கு 12. ஓர் அங்குலத்துக்கு 8. முனையும் அடியும் கூராக இராமல் உருண்டிருக்கவேண்டும் என்றும் வகுத்தார். 1841இல் இலண்டனில் உள்ள குடிசார் பொறியியலாளர் நிறுவனத்தில் இதனை முன்வைத்தார். எவருடைய மரையும் முற்றாக வெல்லவில்லை. எவருடையதும் முற்றாகத் தோற்கவுமில்லை. அதனாற்றான் போலும், சட்டம் எதுவும் இன்றியே அது பரவிற்று. இரயில்வே நிறுவனங்கள் ஏற்றன, ஏனையோர் தொடர்ந்தனர். இருபது ஆண்டுகளுக்குள் பிரித்தானியப் பட்டறைகளிற் பெரும்பாலும் அதுவே வழக்காயிற்று. உலகில் ஒரு நாடு முழுமையும் ஏற்ற முதல் மரை நியமம் இதுவே எனலாம்.

அதன் பயன் போரிலேதான் பளிச்செனத் தெரிந்தது. கிரிமியப் போரின்போது சிறு பீரங்கிப் படகுகளுக்கு நீராவி இயந்திரங்கள் உடனடியாகத் தேவைப்பட்டன. கிரினிச்சைச் சேர்ந்த ஜான் பென் என்னும் இயந்திரப் பொறியாளர், மாதிரி இயந்திரங்களைக் கழற்றி உறுப்பு உறுப்பாகப் பல பட்டறைகளுக்கும் அனுப்பிச் செய்வித்தார். 90 இயந்திரத் தொகுதிகள் 90 நாட்களில் ஒருங்கு சேர்ந்தன என்பர். எல்லாரும் ஒரே மரை வெட்டியிராவிடின் இது கனவிலும் நடந்திராது.

தட்டையான தளமும் ஒத்த மரையும் கிடைத்தபின் அவற்றிலிருந்து பிறந்தது அளவீட்டுப் பொறி. 1851ஆம் ஆண்டு இலண்டன் ஹைட் பூங்காவில் நடைபெற்ற மாபெரும் பொருட்காட்சியில் மக்கள் அதனைக் கண்டு வியந்தனர். அங்குலத்தில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கை அது காட்டிற்று. எவ்வாறு? கணக்கில் ஆர்வமுள்ள மாணவர்கள் பெருக்கிப் பார்க்கலாம். அங்குலத்துக்கு 20 புரிகள் கொண்ட திருகு ஒன்று. அதனைச் சுழற்றும் சக்கரத்துக்கு 200 பற்கள். அச்சக்கரத்தை ஒரு பல் நகர்த்தும் மற்றொரு சக்கரத்தின் விளிம்பில் 250 பிரிவுகள். ஒரு பிரிவு நகர்த்தினால் திருகு நகரும் தூரமே அது. அளக்க வேண்டிய இரும்புக் கோலுக்கும் பொறியின் முனைக்கும் இடையே ஒரு சிறிய எஃகுத் துண்டை வைப்பார்கள். சரியான அளவில் அது விழாமல் தொங்கி நிற்கும். ஒரு பிரிவு தளர்த்தினால் விழுந்துவிடும். கண்ணை நம்பாமல் தொடுகையை நம்பினார் விட்வொர்த். கோலை விரலால் ஒரு கணம் தொட்டாலே உடற்சூட்டினால் அது நீள்வதைப் பொறி காட்டிவிடும். அங்குலத்தை அரை, கால், அரைக்கால், வீசம் என்று பாதி பாதியாகப் பிளந்து பேசுவதை விட்டு, ஆயிரத்தில் இத்தனை என்று தசமத்திற் பேசுமாறு தொழிலாளரைப் பழக்க முயன்றவரும் அவரே. இன்றும் அங்குலக் கணக்கில் வேலை செய்யும் ஆங்கிலப் பட்டறைகளில் ஆயிரத்தில் ஒன்று என்பதே பேச்சுவழக்கு.

பெருமை மட்டும் பேசி முடிப்பது நம் நோக்கமன்று. 1854இல் அரசாங்கம் துப்பாக்கி செய்யும் பொறிகளை அமைத்துத் தருமாறு அவரைக் கேட்டது. துப்பாக்கி எப்படி இருக்கவேண்டும் என்றே எவருக்கும் தெளிவாகத் தெரியாதபோது பொறி எப்படிச் செய்வது என்று அவர் வினவினார். மான்செஸ்டரில் தம் வீட்டருகே 500 யார் நீளமுள்ள மூடிய கூடம் ஒன்று கட்டப்பட்டது. அதனுள் நூற்றுக்கணக்கான சோதனைகள் நடத்தினார். முடிவில், உட்குழல் வட்டமாக இராமல் அறுகோணமாக முறுகிச் செல்லும் ஒரு துப்பாக்கி பிறந்தது. 1857இல் நடந்த சோதனைகளில் அது படையின் துப்பாக்கியை எல்லாத் தூரங்களிலும் வென்றது. 1860இல் விம்பிள்டனில் விக்டோரியா அரசியார் தாங்கியிற் பொருத்திய அத்துப்பாக்கியின் கயிற்றை இழுத்தபோது, 400 யார் தொலைவிலிருந்த இலக்கின் நடுப்புள்ளிக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குள் குண்டு பாய்ந்தது. எனினும் படையினர் அதனை ஏற்கவில்லை. விலை பன்மடங்கு, குழல் விரைவில் அழுக்கேறும் என்றனர். அக்காரணங்களிற் சில நேர்மையானவையே. பட்டறையில் தகும் திட்பம் சேற்றில் நிற்கும் சிப்பாய்க்கு எப்போதும் தகுவதில்லை. விட்வொர்த் இதனை ஒப்புக்கொள்ளாமல் நீண்டகாலம் வாதாடினார்.

தாய்நாடு மறுத்த துப்பாக்கியை அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காத்து நின்ற தென் மாநிலத்தார் வாங்கினர். மிகச் சிலவே சென்றன. அவை குறிவல்லார் கைகளில் கொடுக்கப்பட்டன. 1864 மே 9ஆம் நாள் வர்ஜீனியாவில் வடபடைத் தளபதி ஜான் செட்ஜ்விக்கை நெடுந்தொலைவிலிருந்து வீழ்த்திய குண்டு இவ்வகைத் துப்பாக்கியிலிருந்தே வந்தது என்று பலரும் கருதுகின்றனர். மூன்று தகடுகளைச் சுரண்டிச் சுரண்டி உண்மையைத் தேடிய கைகள் செய்த பொருள் அது. இதனை எழுதும்போது நமக்கு மனம் கனக்கின்றது. போரின் வடுக்களோடு புலம்பெயர்ந்த குடும்பங்களின் பிள்ளைகளிடம் இதனை மறைப்பது முறையன்று எனக் கருதியே எழுதினோம்.

முதுமையில் அவர் செல்வந்தர். 1857இல் அரச கழகத்தின் உறுப்பினர். 1869இல் சேர் பட்டத்துக்கு உரியவர். டார்பிஷயரின் டார்லி டேல் ஊரில் ஸ்டான்கிளிஃப் என்னும் மாளிகையில் வாழ்ந்தார். அவ்வீட்டில் இரும்பினாற் செய்த பில்லியர்ட்ஸ் மேசை ஒன்று புகழ் பெற்றிருந்தது. அதன் தளம் அத்துணைத் தட்டை! எளிதில் இணங்கும் இயல்பினர் அல்லர் என்று அவரை அறிந்தோர் பலரும் கூறினர். ஆணிகளை ஒற்றுமைப்படுத்தியவர் மனிதரோடு ஒத்துப்போவதிற் சிரமப்பட்டார்.

ஆயினும் கைத்தொழில் பயிலும் இளைஞர்பால் அவர் காட்டிய அன்பு பெரிது. 1868இல் ஆண்டுக்கு 100 பவுண் வீதம் 30 உதவித்தொகைகளை நிறுவினார். அவற்றைப் பெறக் கணிதமும் இயந்திரவியலும் தெரிந்தால் மட்டும் போதாது. கருவி பிடித்து வேலை செய்து காட்டவும் வேண்டும். ஏட்டறிவுள்ளவன் பட்டறைக்கு வருவதும், பட்டறைப் பையன் ஏட்டைத் திறப்பதும் அவர் விரும்பிய இரண்டு காரியங்கள். அவர் பெயரிலான உதவித்தொகை இந்நாட்டிற் பொறியியல் மாணவர்களுக்கு இன்றும் வழங்கப்படுகின்றது. மூத்த வகுப்பு மாணவர்கள் இதனைக் குறித்துக்கொள்க.

1887 ஜனவரி 22ஆம் நாள், உடல்நலம் தேடிச் சென்றிருந்த மொண்டி கார்லோவில் அவர் காலமானார். உடல் டார்லி டேல் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. பெருஞ்செல்வத்தின் பெரும்பகுதி பொதுப்பணிக்குச் சென்றது. மான்செஸ்டரின் விட்வொர்த் கலைக்கூடமும், அதனைச் சூழ்ந்த பூங்காவும், பல்கலைக்கழகத்தின் விட்வொர்த் மண்டபமும் அதன் விளைவுகள். புற்றுநோய் மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற கிறிஸ்டி மருத்துவமனையின் தொடக்கத்துக்கும் அவர் விட்டுச்சென்ற செல்வம் துணைநின்றது. அச்செல்வத்தைப் பேணிய அறங்காவலர்களுள் ஒருவரின் பெயரே அம்மருத்துவமனையின் பெயர்.

அவர் மரை என்னவாயிற்று? அமெரிக்கர் 1864இல் வில்லியம் செல்லர்ஸ் என்பவர் முன்மொழிந்த 60 பாகை மரையைத் தமக்கெனக் கொண்டனர். உருண்ட முனையை வெட்டுவது கடினம், தட்டை முனையே எளிது என்பது செல்லர்ஸின் வாதம். அதில் நியாயமும் இருந்தது. ஐந்து பாகை வேறுபாடுதானே என்று எண்ணவேண்டா. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய மெர்லின் விமான இயந்திரங்களை அமெரிக்காவிற் செய்ய ஒப்புக்கொண்ட பக்கார்ட் நிறுவனம், பிரித்தானிய மரைகளை வெட்டுவதற்குரிய கருவிகள் அங்குக் கிடையாமையால் அவற்றையும் தானே செய்துகொள்ள நேர்ந்தது. ஒற்றுமைக்காகப் பிறந்த நியமம் கடல் கடந்ததும் வேற்றுமைக்குக் காரணமாயிற்று. 1948இல் பிரித்தானியா, அமெரிக்கா, கனடா ஆகிய மூன்றும் 60 பாகையில் ஒன்றுபட்டன. பின்னர் மீற்றர் அளவை மரையும் வந்தது.

இங்கிலாந்தில் வார்த்துச் செய்த பொறிகள் கப்பலேறி நம் நாடுகளின் இரயில் பட்டறைகளுக்கும் தேயிலைத் தொழிற்சாலைகளுக்கும் சென்றபோது, அவற்றோடு விட்வொர்த்தின் மரையும் சென்றது. பழைய பொறிகளில் வேலை செய்த நம் மூத்தோர் அவர் பெயரை ஒரு ஸ்பேனரின் அளவாகவே அறிந்திருப்பர். திருகாணிகளில் அம்மரை இன்று அருகிவிட்டது. ஆனால் தண்ணீர்க் குழாய்களில் அருகவில்லை. யாழ்ப்பாணத்திலோ மதுரையிலோ இலண்டனிலோ அரை அங்குலக் குழாய் ஒன்றின் முனையிற் பழுதுபார்ப்பவர் நூல் சுற்றி மற்றொன்றைத் திருகிப் பூட்டும்போது, அவ்விரண்டும் ஒன்றையொன்று ஏற்பது 1841இல் வகுத்த அந்த 55 பாகைச் சரிவிலேதான்.